கால்மிதியின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம்

1. மேசை மேல் கிடந்தது

கால்மிதியை யாரும் மேசையில் வைப்பதில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை சுப்பிரின்டன்ட் தில்லையம்பலத்தாரின் மேசையில், கோப்புகளையெல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நட்டநடுவில் ஒரு கால்மிதி கிடந்தது. கயிற்றில் பின்னியது. நான் பின்னியது.

"இது உம்மட கைவேலைதானே, ஐசே?"

"ஓம், ஐயா."

"இது என்ன?" பென்சில் முனையால் நடுவிலிருந்த சிவப்பு வட்டத்தைக் கிளறினார். ஒரு நூல் கிளம்பி நின்றது.

"நூல், ஐயா."

"என்ன நூல்?"

துறைமுகத்தின் கயிற்றுக் கொட்டகையில் பதினேழு வருடம் ரிகராக, கப்பல் வடங்களைத் திருத்துகிறவனாக, நின்றவனிடம் கேட்கிற கேள்வி அது. அவரே சொன்னார்.

"அரசாங்கக் கயிற்றின்ர அடையாள நூல். களவு போனால் பிடிக்கிறதுக்கெண்டு வெள்ளைக்காரன் போட்டு வைச்சது. நீர் கொட்டகையில களவெடுத்து உப்புவெளி விடுதிக்கு விக்கிறீர். இண்டையிலிருந்து உமக்கு வேலை நிற்பாட்டு. விசாரணை வரும். போம்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், துறைமுகக் காவல்காரர் இரண்டு பேர் எனக்கு முந்தியே வந்து போயிருந்தார்கள். விடுதிக்குக் கொடுக்க முடித்து அடுக்கியிருந்த ஒன்பது கால்மிதிகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் மனைவி பாக்கியம் முற்றத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"கள்ளன் வீட்டைச் சோதனை போடுற மாதிரிப் போட்டாங்கள். குசினிப் பானைக்குள்ளயும் கையை விட்டுப் பாத்தவங்கள். நாங்கள் கயிறு காய்ச்சித் தின்னுறம் எண்டு நினைச்சாங்களோ?"

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. துறைமுகத்தில் இப்போது வேலைக்கு வருகிற உங்களில் ஒருவர் பின்னேரங்களில் ரேடியோ திருத்துகிறார். ஒருவர் கமரா வைத்திருக்கிறார். ஒரு தங்கச்சி சிப்பிகளைக் கோத்துத் திரை செய்கிறார். அதில் நாலு காசு பார்க்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். பார்க்கலாம். ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டுப் பாருங்கள். எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயலவும் இல்லை.

2. விரல்களின் பொழுதுபோக்கு

கொட்டகை வேலை முரட்டு வேலை. இழுவைப் படகின் வடம் அறுந்தால் ஸ்பிளைஸ் போடுவோம்: இரண்டு முனைகளையும் புரி பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, மரக் கூராணியால் குத்தி இறுக்குவோம். தொடை தடிமனான மணிலாக் கயிறு. தார் மணம் சோற்றிலும் மணக்கும். பின்னேரம் கை விரல்கள் மடங்கவே மறுக்கும்.

ஆனால் பகல் சாப்பாட்டு நேரத்தில் அதே விரல்கள் வேறொன்றைக் கேட்டன. இறங்குதுறைப் படியில் குந்தி, குப்பையில் கிடக்கும் கயிற்றுத் துண்டை எடுத்து முடிச்சுப் போடுவேன். தண்ணீர் படியில் வந்து வந்து முட்டும். முடிச்சு வந்து வந்து அவிழும். பிறகு ஒருநாள் அவிழவில்லை. ஒரு புரி மேலே, ஒரு புரி கீழே, சுற்றி வந்து தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு மாதிரி ஒரு வட்டம். அதைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை யாரும் எனக்குத் தரவில்லை, யாரிடமும் நான் கேட்கவுமில்லை. அது என்னுடையது. இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள்.

அந்தக் காலம் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். உப்புவெளிக் கடற்கரையில் விடுதி நடத்திய றோஸ் அக்கா, என் வீட்டு வாசலில் கிடந்த கால்மிதியைத் தெருவில் நின்றே கண்டுவிட்டார்.

"இராசையா, இதை எங்க வாங்கினனீர்?"

"வாங்கேல்ல அக்கா. சும்மா பின்னினது."

"சும்மா பின்னுறதை நிப்பாட்டிப்போட்டு எனக்குப் பின்னும். அறைக்கு ஒண்டு வேணும். வெள்ளைக்காரர் காலோட மணலைக் கொண்டுவந்து என்ர நிலத்தைக் கடற்கரை ஆக்குதுகள்."

அப்படித்தான் தொடங்கியது. எங்கள் வீட்டின் கூரையைப் புயல் ஒன்று அள்ளிக்கொண்டு போயிருந்தது. வருடா வருடம் ஓலைக் கிடுகு மாற்றி மாற்றிப் பாக்கியம் சலித்துப்போயிருந்தாள். "உந்தக் கயிறு வீட்டுக்கு ஓடு போடுமெண்டால் நான் வாய் திறக்கமாட்டன்" என்றாள். கயிறு ஓடு போட்டது. முதலில் படுக்கும் அறைக்கு. பிறகு விறாந்தைக்கு. வீட்டில் பாதிக்கு ஓடு வந்துவிட்டது.

கயிறு எங்கிருந்து வந்தது? கேட்க வேண்டிய கேள்வி. துறைமுகத்தில் பழுதான கயிறுகளைக் கழித்து, வருடத்தில் இரண்டு முறை ஏலத்தில் விடுவார்கள். கிண்ணியா ஜப்பார் நானா குவியலாக எடுப்பார். நான் அவரிடம் காசு கொடுத்து வாங்கினேன். ரசீதுத் துண்டு எழுதிக் கேட்டதில்லை. நானாவிடம் துண்டு கேட்பது, உம்மை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது.

இனி அந்தச் சிவப்பு நூல். வெள்ளைக்காரரின் கடற்படைக் காலத்து வழக்கப்படி, துறைமுகக் கயிறு ஒவ்வொன்றின் புரிக்குள்ளும் முனைக்கு முனை ஒரு சிவப்பு நூல் ஓடும். கொட்டகையில் அதற்குக் கள்ளன் நூல் என்று பெயர். கயிற்றை எப்படி வெட்டினாலும் வெட்டின இடத்தில் அது தெரியும். கழித்த கயிற்றை விற்குமுன் அந்த நூலை உருவிவிட வேண்டும் என்று சட்டம். நூறு பாகம் நீளக் கயிற்றிலிருந்து ஒற்றை நூலை யார் உருவுவது? ஒருநாளும் ஒருவரும் உருவியதில்லை. ஏலப் பட்டியலில் கையெழுத்து வைக்கிறவருக்கும் அது தெரியும். கையெழுத்து வைக்கிறவர் தில்லையம்பலத்தார்.

வேறு யாராவது பின்னியிருந்தால் அந்த நூலைப் பிடுங்கி எறிந்திருப்பான். நான் ரிகர். உப்பிலும் வெயிலிலும் கயிறு முழுக்கச் சாம்பலாகிப் போனபிறகும் அந்த ஒரு நூல் மட்டும் சிவப்பாகவே கிடப்பதைப் பதினேழு வருடம் பார்த்தவன். அதை உருவி எடுத்து, ஒவ்வொரு கால்மிதியின் நடுவிலும் ஒரு வட்டமாகக் கோத்தேன். களவைக் காட்டும் நூலை, ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று நடுவில் வைத்தேன். களவெடுத்தவன் செய்கிற வேலையா அது? அழகைக் கண்டு மதிகெட்டவன் செய்த வேலை.

3. முதலாவது

கொட்டகை வாசலில் நான் போட்டிருந்த ஒன்றைத் தில்லையம்பலத்தார் ஒருநாள் குனிந்து பார்த்தார். அவர் குனிந்து நான் கண்டது அன்றுதான்.

"வடிவாயிருக்கு, ஐசே. எங்கட மிசிஸ் கண்டால் விடமாட்டா."

அது கேள்வி இல்லை. கட்டளையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கீழே இருப்பவன் மட்டும் விளங்கிக்கொள்ளும் ஒரு பாசை. அடுத்த ஞாயிறு, இருந்ததில் திறமான ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டி, அவர் வீடிருந்த ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, "ஆ, உதில வைச்சிட்டுப் போம்" என்றார். வைத்தேன். இறங்கி வரும்போது பிரேக் பிடிக்காமல் வந்தேன். சந்தோசம்! பெரியவர் வீட்டு முன்மண்டபத்தில் என் கைவேலை கிடக்கிறதாம். இன்று எனக்குத் தில்லையம்பலத்தார் மேல் இருக்கிற கோபத்தைவிட, அந்த ஏற்றத்தில் சிரித்துக்கொண்டு இறங்கிய முட்டாள் மேல் இருக்கிற கோபம் பெரிது.

இரண்டாவது அவருடைய தங்கச்சிக்கு. மூன்றாவது தங்கச்சியின் மாமியாருக்கு. பாக்கியம் கேட்டாள்: "அவையின்ர சொந்தக்காரர் முழுப்பேருக்கும் காலில சேறோ?"

பிறகு ஒருநாள் கொட்டகைக்கே வந்தார்.

"கொழும்பிலிருந்து பெரியவர்மார் வருகினம். போகேக்க ஆளுக்கொண்டு குடுக்கவேணும். ஆறு செய்யும்."

"செய்யலாம், ஐயா. கயிறு நான் காசுக்குத்தான் வாங்கிறனான். விடுதிக்குக் குடுக்கிற விலைக்கே தாறன்."

கொட்டகையில் கூராணிச் சத்தங்கள் நின்றன. எல்லாரும் கயிற்றைப் பார்த்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டார்கள்.

"எனக்கு விலை சொல்லுறீரோ, இராசையா?"

"ஓம், ஐயா."

சிரித்தார். தோளில் தட்டினார். அடுத்த கிழமை, கால்மிதி மேசைக்கு ஏறியது.

4. விசாரணை

இரண்டு மாதம் வேலை இல்லை. களவு என்று தீர்ந்தால் வேலையோடு பென்சனும் போகும். என் கூரையின் மிச்சப் பாதியை நான் மறந்துவிட்டேன். ஓடு போட்ட பாதியை விற்க வேண்டி வருமோ என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். துறைமுக வாசலில் என்னோடு வேலை செய்தவர்கள் சைக்கிள் மணியை அடிக்காமல் என்னைக் கடந்தார்கள்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேசையின் ஒரு பக்கம் அவர், பக்கத்துக் கதிரையில் தில்லையம்பலத்தார், மூலையில் தட்டச்சுக்காரர். எனக்குக் கதிரை இல்லை.

"கயிற்றை எப்பிடி வெளியில கொண்டு போனீர்?" அதிகாரி கேட்டார்.

"நான் கொண்டு போகேல்ல, சேர். கேற்றில ஒவ்வொரு நாளும் என்ர சோத்துப் பெட்டியைத் திறந்து பாக்கிறவை. ஒரு கால்மிதிக் கயிறு ஒரு ஆட்டுக்குட்டி அளவு பாரம். அதைச் சாரத்துக்குள்ள கட்டிக்கொண்டு போனால் நான் எப்பிடிச் சைக்கிள் ஏறுறது?"

தட்டச்சுக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

ஜப்பார் நானா சாட்சி சொல்ல வந்தார். தொப்பியைச் சரிசெய்து, ஏலத் துண்டை மேசையில் வைத்தார். அதில், கழித்த கயிறு, ஒரு குவியல் என்று மட்டும் எழுதியிருந்தது.

"இதில சிவப்பு நூலைப் பற்றி ஒண்டும் இல்லையே" என்றார் தில்லையம்பலத்தார்.

"ஐயா, நீங்க குவியலா வித்தீங்க, நானும் குவியலா எடுத்தன். நூலை உருவிப்போட்டுத்தான் விக்கணும் எண்டு சட்டம் இரிக்கி எண்டா, நீங்கதானே உருவியிருக்கணும்? என்ட பேரப்புள்ளைக்குச் சட்டை தைக்கவா நான் நூலை வெச்சிருந்தன்?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்றார் அதிகாரி. எழுதுவதை நிறுத்தியிருந்தார். இந்தத் துண்டு எந்தக் கயிறு என்று குறிக்கவில்லை என்றார். சிவப்பு நூல் உள்ளது எல்லாம் அரசாங்கச் சொத்து, அது கையில் இருக்கிறவன்தான் விளக்கம் சொல்ல வேண்டும் என்றார்.

அப்போது எனக்குள் ஏதோ முறுக்கு அவிழ்ந்தது. பயம்தான் அவிழ்ந்திருக்க வேண்டும்.

"சேர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"சிவப்பு நூல் உள்ளதெல்லாம் களவுச் சாமான் எண்டால், அதை வீட்டில வைச்சிருக்கிற எல்லாரையும் விசாரிப்பியளோ?"

"நிச்சயமா."

"அப்ப ஒருக்கா ஓர்ஸ் ஹில்லுக்குப் போவம். ஐயாவின்ர வீட்டு முன்மண்டபத்தில ஒண்டு கிடக்கு. நடுவில இதே வட்டம். தங்கச்சியார் வீட்டில ஒண்டு. தங்கச்சியாரின்ர மாமியாருக்கு ஒண்டு. மூண்டும் என்ர கையாலதான் குடுத்தனான். ஒண்டுக்கும் காசு வாங்கேல்ல."

தட்டச்சு நின்றது. தில்லையம்பலத்தாரின் காதுகள் சிவந்தன.

"அது... அன்பளிப்பு."

"ஆர் தந்தது?" என்றார் அதிகாரி.

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு மணியை அடித்துத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். என்னையும் நானாவையும் வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே இரண்டு கோப்பைகள் போயின. கோப்பைகள் வெறுமையாகத் திரும்பியபோது, களவு என்ற சொல் அந்த அறையில் இல்லை.

5. தீர்ப்பு

களவு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அனுமதி பெறாமல் வெளி வேலை செய்தது குற்றம். ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தம். இனிமேல் இவ்வாறான வேலை செய்யமாட்டேன் என்று கையெழுத்து. வைத்தேன். பென்சன் வேண்டும், சோறு வேண்டும், வைத்தேன். தில்லையம்பலத்தாரைக் கண்டித்து ஒரு வார்த்தை இல்லை. வருடம் முடியுமுன் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். முன்மண்டபத்துக் கால்மிதியும் லொறி ஏறிப் போனது.

பிடித்துக்கொண்டு போன ஒன்பதும் சான்றுப் பொருள்களாம். திருப்பித் தர விதி இல்லையாம். முதல் மாதம் ஸ்டோர் அறையில் இருந்தன. பிறகு ஒன்று கணக்குப் பிரிவு வாசலுக்கு வந்தது. ஒன்று கேற் காவலறைக்கு. ஒன்று சுப்பிரின்டன்டின் அறை வாசலுக்கு. நான் பின்னியதில் நான் கால் துடைத்துவிட்டு உள்ளே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். இதற்குப் பெயர் விசாரணை.

போன மாதம் இப்போதிருக்கிற சுப்பிரின்டன்ட், நல்ல மனிதர், என்னைக் கூப்பிட்டார்.

"இராசையா, வாசல்ல கிடக்கிறது பிரியுது. நீர் பின்னினது எண்டு சொன்னாங்கள். ஒருக்கா இழுத்து முடிஞ்சு விடுமன்."

"ஏலாது, சேர்."

"ஏன், கைக்கு ஏதும் வருத்தமோ?"

"கை சுகம். இப்பிடியான வேலை செய்யமாட்டன் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறன். உங்கட அலுமாரிக்குள்ள இருக்கும், எடுத்துப் பாருங்கோ."

அவர் முகம் சுருங்கியது. அவரில் பிழையில்லை. எனக்கு இரக்கமும் வரவில்லை.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் கற்றுக்கொண்டது இதுதான். விற்கிற நாளில் துண்டு எழுதி வாங்குங்கள், எத்தனை நல்ல மனிதரானாலும். அனுமதிக் கடிதம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். இவை சின்ன விசயங்கள். பெரிய விசயம் ஒன்று: மேலே இருக்கிறவர் குனிந்து பார்த்து வடிவாயிருக்கு என்று சொல்லும்போது, அந்த இடத்திலேயே விலையைச் சொல்லுங்கள். முதலாவதுக்கே சொல்லுங்கள். நான் நாலாவது தடவைதான் சொன்னேன். அதற்குள் என் கையை அவர் தன் கையாகவே நினைத்துப் பழகிவிட்டார். தன் கை தன்னிடம் விலை கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

வீட்டில் இன்றைக்கும் பாதி ஓடு, பாதி கிடுகு. மழை வந்தால் பாக்கியம் ஓட்டுப் பக்கம் பாயை இழுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்ப்பாள்.

சுப்பிரின்டன்ட் அறை வாசலில் அது தினமும் இன்னும் கொஞ்சம் பிரிகிறது. சிவப்பு வட்டம் மட்டும் குலையவில்லை. கடக்கும்போதெல்லாம் என் விரல்கள் தாமாக மடங்குகின்றன. ஒரு புரியை உள்ளே செருகி, இரண்டு முடிச்சு இறுக்கினால் இன்னும் பத்து வருடம் கிடக்கும். இரண்டு நிமிட வேலை.

கால் படாமல் தாண்டிப் போகிறேன்.