இரண்டாவது போர்ட்டில் வந்த பதில்

கர்த்தர் என் இடது கையைத் திருப்பித் தரவில்லை. ஆனாலும் நன்றி சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

என் பெயர் கிரேஸ். ஜெயங்கொண்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாக நம் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். போன ஆடி மாதம் தா.பழூர் ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன். தோளில் நரம்பு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் இடது கை விரல்கள் மடங்கவில்லை.

நம்முடையது தாளத்தைத் தானே போடும் அரேஞ்சர் கீபோர்டு. வலது கை மெட்டை வாசிக்கும். இடது கை கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, பிடித்தால்தான் தாளமும் பேஸ் என்ற அடிநாதமும் பாட்டோடு மாறும். எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே கார்டில் நின்றுபோனது. மூன்று ஞாயிறு கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, கையக் குடுங்க. இல்லன்னா ஒரு வழியக் காட்டுங்க." அவ்வளவுதான் என் ஜெபம்.

கார்டுகளைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தால் அதுவே கீபோர்டுக்கு அனுப்பும் என்று கேள்விப்பட்டேன். கீபோர்டைக் கடைக்குக் கொண்டுவந்து, மகளின் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்தேன். தாளம் மாறவில்லை. கார்டுகள் என் மெட்டின் மேலேயே பியானோவாக விழுந்து இரைந்தன.

"கல்லு ஒடைக்கிற மிஷினு மாதிரி இருக்கு" என்றார் என் கணவர். மனம் விட்டுப்போனது.

மறுநாள் பிளவுஸ் வாங்க மலர்க்கொடி வந்தாள். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கண்ட்ரோல் ரூம் வேலை. கோவில் பஜனையில் கீபோர்டு வாசிப்பவள். கேபிளைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, போர்ட்டுன்னா பஸ்ஸுன்னு வச்சுக்குங்க. சேனலுன்னா சீட்டு. ஒரு பஸ்ல பதினாறு சீட்டு. நீங்க கார்டையும் மெட்டையும் ஒரே சீட்ல ஒக்கார வச்சிருக்கீங்க."

"அப்ப கார்டு எங்க ஒக்காரும்?"

"இந்தக் கீபோர்டுல ரெண்டாவது போர்ட்டு ஒண்ணு சும்மா கெடக்கு. அதுல ஒரு சேனல கார்டுக்குன்னே ஒதுக்கிடலாம்."

லேப்டாப் எந்தப் போர்ட்டில், எந்தச் சேனலில் அனுப்புகிறதோ, அதிலேயே கார்டை வாங்கும்படி கீபோர்டையும் அமைத்தாள். ஓடவிட்டாள். என் கை படாமலே தாளமும் பேஸும் அடுத்த கார்டுக்குத் தாவின. மேலே என் வலது கை மெட்டு தனியாக, தெளிவாகக் கேட்டது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"அக்கா, பிளவுஸக் குடுங்க. பஸ்ஸு போயிடும்" என்றாள்.

அறுப்பின் பண்டிகையன்று வாசித்தேன். பாஸ்டர் ஐயா வழக்கம்போலக் கடைசிச் சரணத்தைத் திரும்பப் பாடச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரோ எழுதியதை முடித்துவிட்டது. நான் அவசரமாக அந்தச் சரணத்தை மறுபடி ஓடவிடும் வரை, நீங்கள் எல்லோரும் கைதட்டியே தாளத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

முன்பெல்லாம் கீபோர்டை யாரையும் தொட விடமாட்டேன். அந்தப் பெருமை போய்விட்டது. இப்போது சனிக்கிழமைதோறும் இரண்டு சகோதரிகள் என்னோடு உட்கார்ந்து கார்டு எழுதுகிறார்கள்.

உங்கள் பாரம் எதுவானாலும் அவரிடம் சொல்லுங்கள். கேட்டதையே தருவார் என்று நான் சொல்லமாட்டேன். உங்களைக் கைவிடமாட்டார். வாருங்கள், எழுந்து நின்று பாடுவோம். நான் வாசிக்கிறேன்.