பீச்சாங்கை முடிச்சு

சர்ஜரி மேல் ஆசை வந்துவிட்டால் அரியலூரில் படித்தால் என்ன, அமெரிக்காவில் படித்தால் என்ன, கைக்குக் கிடைப்பது ஒன்றுதான். தலையணை கனத்தில் ஒரு புத்தகம், அதில் சீனியர்கள் மஞ்சளும் பச்சையுமாகத் தீட்டிவிட்டுப் போன வரிகள், செல்போனில் இறக்கி வைத்த வீடியோக்கள், தையல் பழக வாழைப்பழத் தோல். ஹாஸ்டலில் பழத்தை யார் வேண்டுமானாலும் தின்னலாம், தோல் மட்டும் எனக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரே தலைவலி, அந்த வீடியோக்களில் முடிச்சுப் போடுகிற அத்தனை பேரும் வலதுகைக்காரர்கள்.

நான் இடதுகைக்காரி. பூலாம்பாடியில் எங்கள் வீட்டில் அதற்குப் பீச்சாங்கை என்று பெயர். சின்ன வயதில் அம்மா கரண்டிக் காம்பால் அந்தக் கையைத் தட்டித் தட்டி, சாப்பாட்டையும் திருநீற்றையும் வலதுகைக்கு மாற்றிவிட்டாள். அதோடு அவள் சாமர்த்தியம் தீர்ந்துபோனது. பேனா இடதுகையிலேயே தங்கிவிட்டது. கத்தரிக்கோல்தான் என் கைக்கு வந்தால் நூலை வெட்டாமல் மாடு மாதிரி மென்றுகொண்டிருக்கும்.

எங்கள் சர்ஜரி யூனிட்டில் ஒரு வழக்கம். ஆபரேஷன் தியேட்டர் நாளுக்கு முதல் நாள் சீஃப் சார் தன் மேஜை இழுப்பறையின் கைப்பிடியில் நூலைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொல்வார். போட்டதும் நூலைப் பிடித்து ஒரு இழுப்பு. முடிச்சு நின்றால் மறுநாள் கையுறை மாட்டிக்கொண்டு ஆபரேஷன் மேஜையருகே நிற்கலாம். நழுவினால் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வீடியோவில் பார்த்ததை அப்படியே வலதுகை வாக்கில் போட்டேன். சார் இழுத்தார். இழுப்பறை அசையக்கூட இல்லை, நூல் மட்டும் வழுக்கிக்கொண்டு அவர் கையோடு போனது. மறுநாள் சுவரோரம் நின்றேன். வெளியே வந்தபோது பி.ஜி. படிக்கிற ஒரு அண்ணன், அக்கறையாகத்தான், "லெஃப்ட் ஹேண்டுக்கு இது சரிப்பட்டு வராதும்மா, தோல் டாக்டருக்குப் படி" என்றார். தோல் டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் ஆறியதும் பயம் வந்தது. அவர் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்? எனக்கு இதைத் தவிர வேறு ஆசையே இருந்ததில்லை.

அறைத்தோழி வரதராஜன்பேட்டைக்காரி, சர்ஜரி என்றாலே கொட்டாவி விடுகிறவள். எரிச்சலில் நான் வீசி எறிந்த நூலை எடுத்து, எதிர்க்கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீடியோவைப் பார்த்துச் சும்மா போட ஆரம்பித்தாள். எதிரே இருந்து பார்த்தேன். அவள் வலதுகை இருந்த பக்கத்தில் என் இடதுகை இருந்தது. அவள் கை போன பக்கமெல்லாம் என் கையும் போனது. முடிச்சு அச்சாக விழுந்தது. அன்றிலிருந்து அவள்தான் என் வீடியோ. கூலியாக ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் என் பங்குச் சிக்கனும் அவள் தட்டுக்குப் போனது.

ஊருக்குப் போகிற பஸ்ஸிலும் பழகினேன். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை சிமென்ட் லாரிகளின் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டு போகும்போது வேறு என்ன வேலை? முன்சீட்டுக் கம்பியில் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் கம்பியில் முன்னால் இருந்த அம்மா தன் பையின் காதை மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பெரம்பலூரில் இறங்க எழுந்தார், பை எழவில்லை. அவர் இழுத்தார், கண்டக்டரும் சேர்ந்து இழுத்தார். கடைசியில் நான்தான் குனிந்து பல்லால் கடித்து அறுத்தேன். கண்டக்டர் திட்டிய திட்டில் காது சிவந்தது. ஆனால் உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் நழுவவில்லையே.

அடுத்த முறை சீஃப் சார் இழுத்தபோது இழுப்பறையே வெளியே வந்து, உள்ளே இருந்த பேனாக்கள் தரையில் உருண்டன. அவர் குனிந்து பேனாக்களைப் பொறுக்கினார், நானும் பொறுக்கினேன்.

மறுநாள் குடலிறக்க ஆபரேஷன். உதவிக்கு நிற்பவர் சர்ஜனுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும் என்பது புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அங்கே போய் நின்று, சார் முதல் தையலுக்கு முடிச்சுப் போட்டபோதுதான் உறைத்தது. எதிரே அவருடைய வலதுகை, இந்தப் பக்கம் என் இடதுகை. அதே எதிர்க்கட்டில். பயம் போன இடம் தெரியவில்லை. கடைசித் தையல்களை என்னிடம் விட்டார். போட்டு முடித்தேன். நூலை இழுத்துப் பார்ப்பார் என்று காத்திருந்தேன், இழுக்கவில்லை.

"எதிர்ல கண்ணாடி வச்ச மாதிரி இருக்கும்மா. அடுத்த ஆபரேஷன் லிஸ்ட்டுக்கும் நீயே வந்து நில்லு" என்றார்.

மாஸ்க் இருந்தது நல்லதாகப் போயிற்று, வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஆளு நல்லாயிருக்காரா என்று முதலில் கேட்டாள். பிறகு எந்தக் கையால் தைத்தாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"வூட்டுக்கு வந்தா அருவாமணைப் பக்கம் போவாத" என்றாள். "அந்தக் கைய பத்திரமா வச்சுக்க."