பெயர் வெட்டிய பெஞ்சுகள்

செர்டாங் பட்டணத்தில் அய்யாவு தச்சரை எல்லோரும் நம்புவார்கள். அவர்தான் யாரையும் நம்பமாட்டார். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டிய பிறகும் தானே ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார். மரக்கடையில் செங்கால் மரம் என்று சொல்லிக் கொடுத்த பலகையைத் தட்டுவார், முகர்வார், நகத்தால் கீறுவார். வீட்டில் புஷ்பவள்ளி சோறு போட்டால்கூடக் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆறு மாத வேலை, அப்புறம் ஊர் திரும்பலாம் என்று கங்காணி சொன்ன பேச்சை நம்பித்தான் அவருடைய அப்பா கப்பல் ஏறினார். முப்பத்தைந்து வருடம் ஆகியும் அந்த ஆறு மாதம் முடிந்தபாடில்லை.

அந்த ஊர் அந்தோணியார் கோயில் வளர்ந்ததெல்லாம் இந்த மனிதரின் கையில்தான். அவர் கும்பிடுவது மாரியம்மனை. இருந்தாலும் கோயில் வேலை என்றால் பிரெஞ்சு சாமியார் அய்யாவுக்குத்தான் ஆள் அனுப்புவார். முதலில் அது வெறும் அத்தாப்பு ஓலைக் கொட்டகையாக இருந்தது. சுற்றுத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் மண்தரையில் பாய் விரித்து உட்கார்ந்து செபம் சொன்னார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்காரர்களும் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார்களும் பட்டணத்தில் குடியேறினார்கள். சலவைக் கால்சட்டையோடு தரையில் உட்கார அவர்களுக்கு மனம் வரவில்லை. தரைக்குச் சிமெண்ட் வந்தது, தட்டி இருந்த இடத்தில் பலகைச் சுவர் வந்தது, கூரைக்குத் தகரம் வந்தது. தகரத்தில் மழை விழுந்தால் பிரசங்கம் காதில் விழவில்லை என்றார்கள். அய்யாவு உள்கூரை அடித்தார். குடை மடக்க இடமில்லை என்றார்கள். முன்பக்கம் ஒரு முகப்பை நீட்டினார். கடைசியில் பெஞ்சுகள் வந்தன.

முன்னால் பட்டணத்தாரின் பெஞ்சு, பின்னால் தோட்டத்தாரின் பாய் என்று நாலைந்து வருடம் ஓடியது. அப்புறம் தோட்டத்தாருக்கும் ரோஷம் வந்து அவர்களும் பெஞ்சு கொடுத்தார்கள். மொத்தம் ஒன்பது பெஞ்சு. கொடுத்தவர் பெயர் இல்லாமல் ஒரு பொருளும் கோயிலுக்குள் நுழையாது என்பது நம் ஜனங்களின் வழக்கம், அது மாரியம்மன் கோயிலானாலும் சரி, மாதா கோயிலானாலும் சரி. ஒவ்வொரு பெஞ்சின் முதுகுப் பலகையிலும் உபயக்காரரின் பெயர், தகப்பன் பெயர், இருப்பிடம் எல்லாவற்றையும் அய்யாவு உளியால் வெட்டினார். முதல் பெஞ்சு ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சவரிமுத்துவுடையது. மூன்றாவது, செத்துப்போன மரியதாஸ் பேரில் அவர் பெண்சாதி கொடுத்தது. நினைவாக என்று போடவா என்று கேட்டதற்கு, "வேணாங்கண்ணே, அவரே குடுத்த மாதிரி இருக்கட்டும்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். ஒன்பதாவது, கதவோரத்தில் இருப்பது, புஷ்பவள்ளியின் தம்பி இருளப்பனுடையது. அவனும் மாரியம்மன் பிள்ளைதான். விஷக் காய்ச்சலில் பிழைத்ததற்கு அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு கொடுத்தான். மச்சினனின் பெயர் என்பதால் அய்யாவு அதை மற்றதைவிட ஆழமாகவே வெட்டியிருந்தார்.

ஜப்பான்காரன் வந்தான். சாமியார் பினாங்குக்குப் போய்த் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். உபதேசியார் பரஞ்சோதிதான் ஞாயிற்றுக்கிழமை செபத்தை நடத்தினார். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி, அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாத ஆளைக் கண்டாலே அய்யாவுக்கு ஆகாது.

மறு வருடம் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். தோட்டம் தோட்டமாக லாரி போயிற்று. போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி கிடையாது. தோட்டத்துப் பெயர்ப் புத்தகம்தான் ஆள் பிடிக்கிறவர்களுக்கு வழிகாட்டி. இருளப்பன் சண்டைக்கு முன்பே தோட்டத்தை விட்டுவிட்டுத் தஞ்சோங் டாவாயில் கருவாடு காயவைக்கப் போய்விட்டவன், அதனால் எந்தப் புத்தகத்திலும் அவன் இல்லை. இப்போது அய்யாவின் பட்டறையில் மரம் அறுத்துக்கொண்டிருந்தான். புஷ்பவள்ளிக்கு மிஞ்சியிருந்த ஒரே கூடப்பிறப்பு அவன். அவனைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக அய்யாவு அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஆள் எடுக்கும் ஆபீஸ் கிராணி ஒருவன் கோயிலுக்கு வந்தான். தமிழன்தான், வெளியூர். செபம் முடிந்தும் போகாமல் ஒவ்வொரு பெஞ்சாகத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தான். உபதேசியார் கூடவே நடந்தார். முகப்பில் நின்று இருவரும் வெகுநேரம் பேசியதை அய்யாவு கோயிலுக்கு எதிரே இருந்த தன் பட்டறையிலிருந்து பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் உபதேசியார் பட்டறைக்கே வந்தார். இருளப்பன் பின்பக்கம் போய்விட்டான்.

"அய்யாவு, கோயில் பெஞ்சு ஒம்பதையும் இழைச்சுக் குடுக்கணும். முதுகுப் பலகையில ஒரு எழுத்து நிக்கக் கூடாது."

"எதுக்குங்க?"

"கேக்காதீங்க. சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும்."

அய்யாவு அவர் முகத்தையே பார்த்தார். போன மாதம்தான் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளையெல்லாம் ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். பெயரை அழித்துவிட்டால் பெஞ்சு யாருடையது என்று கேட்க நாதி இருக்காது. ஓகோ, கிராணியோடு பேசி முடித்தது இதுதானா என்று கணக்குப் போட்டார்.

"இழைப்புளி மொக்கையாப் போச்சு. புது அலகு பாசார்ல கெடைக்கல லா."

"அரத்தால ராவிப் பாருங்க. நான் வேணும்னா தீட்டித் தரேன்."

"பாக்கலாம்."

இழைப்புளி நேற்றுத்தான் தீட்டியது. அதனால் முகம் மழிக்கலாம். உபதேசியார் கோயில் முகப்பைத் தாண்டி உள்ளே போனதும் அய்யாவு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டிரஸ்ஸர் சவரிமுத்துவிடம் சொன்னார். மரியதாஸின் பெண்சாதியிடம் சொன்னார். பாசாரில் நின்றவர் உட்கார்ந்தவர் எல்லோரிடமும் சொன்னார். பெஞ்சை விற்கப் பார்க்கிறார் என்று தொடங்கிய பேச்சு, மூன்றாவது கடையைத் தாண்டும்போது, ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டிக் கொடுப்பதே உபதேசியார்தான் என்று ஆகிவிட்டது. அந்த இரண்டாவது பேச்சையும் முதலில் சொன்னது அய்யாவின் வாய்தான். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

அன்றிலிருந்து கோயிலுக்குக் காவல் போட்டார்கள். இரண்டு இரண்டு பேராக, முறை வைத்து, தங்கள் பெயர் வெட்டிய பெஞ்சுகளுக்குத் தாங்களே காவல் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் காவல்காரர்கள் மரவள்ளிக்கிழங்கு தின்னப் போன சமயம், உபதேசியார் உடைந்த கண்ணாடிச் சில்லோடு உள்ளே போனார். அவர்கள் திரும்பி வந்தபோது முதல் பெஞ்சின் எழுத்தெல்லாம் சுரண்டப்பட்டிருந்தது. அவர் விரலில் ரத்தம் வடிந்தது. சவரிமுத்து ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து முகப்புக்கு வெளியே தள்ளினார்.

"எம் பேர அழிக்க ஒனக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தா?"

உபதேசியார் விரல் ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கூட்டத்தின் பின்னால் நின்ற அய்யாவை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். எப்படிப் பதில் வரும், திருடன் முழிக்கிற முழியைப் பார் என்று அய்யாவு பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராணி நோட்டோடு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவன் என்ன எழுதினான் என்று யாரும் கவனிக்கவில்லை. உபதேசியாரை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதிலேயே எல்லோருக்கும் கண்.

அடுத்த புதன்கிழமை காலை, ஆம்பிளைகள் அத்தனை பேரும் பாடாங் திடலில் வந்து நிற்க வேண்டும் என்று தண்டோரா வந்தது. வருபவர்களுக்கு அரிசி, வராதவர்களின் வீடு சோதனை போடப்படும் என்றார்கள். அய்யாவு இருளப்பனையும் கூட்டிக்கொண்டு போய்த் திடலின் ஓரத்தில் நின்றார்.

"ஒம் பேரு எந்த லிஸ்ட்லயும் இல்ல மாப்ள. சும்மா நில்லு."

"எனக்கென்ன பயம் மச்சான்," என்றான் அவன். ஆனாலும் அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

சுற்றிலும் துப்பாக்கிக்காரர்கள். நடுவில் லாரி. அந்தக் கிராணி பெட்டியின் மேல் ஏறி நோட்டைப் பிரித்தான். தகப்பன் பெயரோடு, இருப்பிடத்தோடு முதல் பெயரைப் படித்தான். அது இரண்டாவது பெஞ்சுக்காரன். அவனைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள்.

"மரியதாஸ்," என்றான் அடுத்து.

கூட்டத்தில் யாரும் அசையவில்லை. ஒரு பக்கமாக நின்ற உபதேசியார், "அவர் எறந்து அஞ்சு வருஷம் ஆச்சு. அது அவங்க சம்சாரம் குடுத்தது" என்றார். கிராணி பெயரை அடித்தான். நாலாவது பெஞ்சுக்காரனைக் கூப்பிட்டான்.

அய்யாவு மனதுக்குள் எண்ணினார். இரண்டு, மூன்று, நாலு. இது எந்தத் தோட்டத்துப் புத்தகமும் இல்லை. தன் உளி போன வழியிலேயே அவன் போய்க்கொண்டிருந்தான். சுரண்டிய முதல் பெஞ்சை மட்டும் அவன் படிக்கவில்லை. டிரஸ்ஸர் சவரிமுத்து முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு பத்திரமாக நின்றார். உபதேசியார் எதற்காக இழைக்கச் சொன்னார் என்று அந்த நிமிஷம்தான் அய்யாவுக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்வது? ஐந்தாவதைக் கூப்பிட்டார்கள். ஆறாவதைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயரும் படிக்கப்படுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்தது. பிடித்து நின்ற மச்சினனின் கையை விடவும் முடியவில்லை, அவனை ஓடச் சொல்லவும் முடியவில்லை.

"இருளப்பன், தகப்பன் பேரு வீரமுத்து."

இருளப்பனின் உடம்பு தூக்கிப்போட்டது. அய்யாவு அவன் கையை நெரித்தார்.

"அவரும் எறந்துட்டாரு," என்றது உபதேசியாரின் குரல்.

கிராணி நோட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "அந்த பெஞ்சு புதுசால்ல இருக்கு. யாரு வெட்டினது?"

பல பேர் திரும்பிப் பார்த்தார்கள். அய்யாவு முன்னால் வந்தார்.

"நான்தாங்க. தஞ்சோங் டாவாய்ல செத்துட்டான். காய்ச்சல்." ஆயுசில் அவர் யோசிக்காமல் சொன்ன பேச்சு அது ஒன்றுதான்.

கிராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஜப்பான் அதிகாரி ஏதோ அதட்டினான். கிராணி அந்த அதிகாரியை ஒரு தரம் பார்த்துவிட்டு உபதேசியார் பக்கம் நோட்டை நீட்டினான்.

"எல்லாரும் செத்தா துவானுக்கு நான் யாரக் காட்டுறது? செத்தவனுக்குப் பதிலா நீ ஏறு."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். ஏறத் தெரியாமல் ஒரு தரம் கால் வழுக்கியது. மேலே இருந்தவர்களில் ஒருவனும் கை கொடுக்கவில்லை. அவர்களைக் காட்டிக் கொடுத்தவராயிற்றே.

அன்று மத்தியானமே அய்யாவு இழைப்புளியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். காவல் இருக்க ஆளில்லை. மீதி எட்டுப் பெஞ்சையும் வழுவழுவென்று இழைத்தார். கடைசிப் பெஞ்சில் ஆழமாக வெட்டிய பெயர் லேசில் போகவில்லை. பாதிப் பலகை சுருள் சுருளாகக் கீழே விழுந்த பிறகுதான் போயிற்று. உபதேசியாரின் மனைவி நவமணி வாசலில் வந்து நின்றாள். அய்யாவு இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நான் அவரத் தப்பா நெனச்சுட்டேன். ஊரெல்லாம் சொன்னதும் நான்தான்."

"தெரியும்ணே," என்றாள் அவள். அழுது ஓய்ந்த குரல். "அவரும் ஒங்களத்தான் சந்தேகப்பட்டாரு. ஜப்பான் கேம்புக்குக் கட்டில் அடிச்சுக் குடுக்கிற ஆளு, விஷயத்தச் சொன்னா அங்க போய்ச் சொல்லிருவாருன்னாரு. அதனாலதான் காரணத்தச் சொல்லாம இழைக்கச் சொன்னாரு. சொல்லிருந்தா செஞ்சிருப்பீங்களாண்ணே?"

செய்திருப்பேன் என்று சொல்ல அய்யாவு வாயைத் திறந்தார். உண்மையில் செய்திருப்பாரா என்று அவருக்கே தெரியவில்லை. கீழே கிடந்த மரச் சுருளைக் கூட்டி அள்ளினார்.

கட்டில் அடிக்கப் போனது வாஸ்தவம். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? ஆனால் அந்த மனிதர் தன்னை நம்பவில்லை என்பது அவருக்கு வலித்தது. தான் அவரை நம்பாதது அதைவிட வலித்தது. பட்டணத்தில் பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. தங்களுக்குத் தமிழ் பேச ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரனே உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம், சயாமில் அவருக்குத் தனி வீடாம். கடைக்குப் போன நவமணிக்கு யாரும் வழிவிடவில்லை. மரவள்ளிக்கிழங்குக்கு வரிசையில் நின்றால் அவளைக் கடைசிக்குத் தள்ளினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அய்யாவு குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனார். அத்தனை வருடம் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தும் செப நேரத்தில் அவர் உள்ளே போனது அதுவே முதல் தடவை. சவரிமுத்துதான் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் பெஞ்சுகளில் யார் எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஜனங்கள் கலைந்து உட்கார்ந்திருந்தார்கள். நவமணி பழையபடி தரையில், பின்சுவரோரம் தனியாக இருந்தாள். அய்யாவு நேராக முன்னால் போய் நின்றார்.

"பேரு லிஸ்டுக்குப் போனது உபதேசியாரால இல்ல. நான் வெட்டின எழுத்தாலதான். அந்தக் கிராணி பெஞ்சப் பாத்து எழுதினான். அவரு அழிக்கச் சொன்னாரு. நான்தான் முடியாதுன்னேன். டிரஸ்ஸர் ஐயா, ஒங்க பேர அவரு சுரண்டினதாலதான் இன்னிக்கி நீங்க இங்க நிக்கிறீங்க. அவரப் பத்தி நான் சொன்னது அத்தனையும் பொய்."

எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று அய்யாவு நினைத்தார். சவரிமுத்து செபப் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார். அய்யாவைக் காலிலிருந்து தலைவரை ஒரு தரம் பார்த்தார்.

"சரி அய்யாவு. இதச் சொல்லச் சொல்லி ஒன்ன அனுப்பினது யாரு?"

பெஞ்சுகளில் இருந்த தலைகள் மெல்ல ஆடின. சிலர் திரும்பி நவமணியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.