மிச்சச் சத்தம்

2024 நவம்பர் 17, ஞாயிறு. சுபஹ் தொழுது, 5.40க்கு மோட்டர் போட்டு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். 7.15க்குப் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். பத்து மணிக்குப் புத்தளத்திலிருந்து மகள் வந்தாள்.

போனில் கேட்க மாற்றித் தருகிறேன் என்று, என் பழைய கசற்றைப் போன மாதம் கொண்டுபோயிருந்தாள். ஒரு கல்யாண வீட்டில் பாடப் பழகவென்று, எத்தாளை ஊரில் எங்கள் வீட்டு அடுப்பெரிந்த குசினியின் வாசலில் இருந்து நான் பாடிப் பதிந்த ஒரே பாட்டு அது. கசற்றுக்குள் இன்னும் யார் குரல் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லவில்லை. தானே கேட்டுத் திடுக்கிடட்டும் என்று இருந்துவிட்டேன்.

போனில் போட்டாள். என் இளம் குரல். பின்னால் புதிதாகச் சேர்த்த, நான் கண்டேயிராத கீபோட், தபேலா. கடைசிவரை கேட்டேன்.

"இடையில ஒரு பொம்பள கதைக்கிற சத்தம் இருந்திச்சே, மகள்?"

"ஓம் வாப்பா, யாரோ பக்கத்து வீட்டு ஆள். உங்களப் பாட விட்டாத்தானே! கம்பியூட்டர் பாட்ட வேற, மத்தத வேற எண்டு பிரிச்சிச்சு. பாட்டுட தாளத்தையும் அதே நேராக்கிச்சு."

"அது உங்கட உம்மா."

தாய் மௌத்தாகி அடக்கும்போது அவளுக்கு எட்டு மாதம். போனைக் கதிரையில் கவிழ்த்து வைத்தாள்.

கசற் நாடா கம்பியூட்டருக்குப் பதியும்போதே அறுந்துவிட்டது. பிரிக்காத பிரதியை மகள் அழித்துவிட்டாள். கம்பியூட்டர் ஒதுக்கிய மிச்சம் மட்டும் போனில் கிடந்தது. அதைப் போட்டோம். சட்டி மூடி, காகம், பிறகு மகளின் உம்மா: "காகமெல்லாம் பறக்குது. நிப்பாட்டுங்களேன், புள்ள எழும்பப் போகுது." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சிரிக்கிறாள். அந்த இடத்தில் நான் தாளத்தை விட்டு, ஒரு அடியில் அவள் பெயரை வைத்துப் பாடினேன். அது பாட்டோடு போய்விட்டது.

மகள் நான்கு தரம் கேட்டாள். "உம்மா தனிய இருந்து சிரிக்கிற மாதிரி இரிக்கி வாப்பா."

பழைய டயறியைப் பார்த்தேன். பாட்டு மூன்று நிமிடம் 42 செக்கன் என்று எழுதியிருக்கிறேன். நேராக்கிய பாட்டு இப்போது 3.31; மிச்சம் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது.

மறுநாள் சுபஹ் முடிந்ததும், மோட்டர் போடுமுன், மேசையில் இரண்டு போனையும் வைத்தோம். என்னுடையதில் பாட்டு, மகளுடையதில் மிச்சம். ஒரே நேரத்தில் தொட்டோம். நான் உம்மாவின் பெயரைப் பாடி அடுத்த அடிக்குப் போன பிறகுதான் மகளின் போனில் அவள் சிரித்தாள்.

திரும்ப முதலிலிருந்து வைத்தோம். இம்முறை மகளை முதலில் தொடவிட்டு, என் போனை நான் பிந்தித் தொட்டேன்.