எசமான் வீட்டில் இருந்த தாய்

2011 அளவில் பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்தேன். அங்கே பாத்திரம் கழுவ நின்றவர் மொரித்தானியா நாட்டுக்காரர். எங்கள் ஆட்களோடு பழகி என்னைத் "தம்பி" என்று கூப்பிடுவார். நான் அவரை "அண்ணை" என்பேன். மற்றதெல்லாம் பிரெஞ்சில்தான். இரண்டு பேருடையதும் உடைந்த பிரெஞ்சு.

மத்தியான வேலை முடிந்தால் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருப்போம். ஒருநாள் அங்கே சும்மா கேட்டேன்: "உங்கட அம்மா ஊரிலை என்ன செய்யிறா?"

"அவ அடிமை," என்றார்.

சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டாரென்று நினைத்தேன். "வேலைக்காரியோ?"

"வேலைக்காரிக்குச் சம்பளம் இருக்கு. விட்டிட்டுப் போகலாம். அம்மா பிறக்கேக்கையே அந்த வீட்டுக்குச் சொந்தம். நானும் அப்பிடித்தான் பிறந்தனான். ஓடி வந்தனான்."

கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டேன். அடிமை என்றால் கப்பலும் சங்கிலியும், எப்போதோ முடிந்துபோன கதை என்றல்லவா இருந்தேன்!

"சட்டம் இல்லையோ?"

"இருக்கு. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கையே ஒழிச்சாச்சு எண்டு அறிவிச்சவை. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் ஐந்து வேளையும் தொழுபவர். மேலே கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார்: "நாட்டுக்குப் பேரே இஸ்லாமியக் குடியரசு. எசமானும் முஸ்லிம், நாங்களும் முஸ்லிம். அடிமையை விடுவிக்கிறது பெரிய புண்ணியம் எண்டு வேதத்திலை கிடக்கு. அதை அவர் வாசிச்சுக் காட்டேல்லை. தனக்குக் கீழ்ப்படிஞ்சால்தான் சுவர்க்கம் எண்டு அம்மாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறார்."

பிறகு என்னைப் பார்த்து, "உங்கட பக்கத்திலையும் இருந்ததோ?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. யாழ்ப்பாணத்தில் சில சாதி ஆட்களை "அடிமை குடிமை" என்று பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் உறைத்தது.

"ஓம், இருந்தது," என்றேன்.

அடுத்த வருடம், அடிமை ஒழிப்புக்காக அங்கே போராடுகிற சிலர் அவருடைய அம்மாவை மீட்டு, முன்பே தப்பித் தலைநகருக்கு வந்திருந்த அண்ணையின் தங்கையிடம் விட்டார்கள். நாங்கள் அதே கடையில் இருக்கும்போது தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. சிரித்துக்கொண்டு எடுத்தவரின் முகம் கொஞ்சநேரத்தில் செத்துப்போனது.

"என்ன அண்ணை?"

"அம்மா திரும்பிப் போகப்போறாவாம். ஆடுகளை ஆர் பாக்கிறதெண்டு அழுகிறா. எசமானிட்டைச் சொல்லாமல் வந்தது பாவமாம். என்னோடை கோபம்."



தங்கை அம்மாவைப் போக விடவில்லை. தெரிந்த ஒரு இமாமை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அடிமையாய் இரு என்று கடவுள் ஒருநாளும் கேட்கவில்லை என்று அவர் பொறுமையாய் எடுத்துச் சொன்னாராம். அம்மா நம்பினாரோ தெரியாது. ஆனால் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் அண்ணை வேலைக்கு வந்ததும் வராததுமாய் என்னிடம் வந்தார்.

"தம்பி, அம்மா இண்டைக்குக் காலமை பத்து மணி மட்டும் நித்திரை கொண்டவவாம். ஒருத்தரும் எழுப்பேல்லையாம்."