ஏசுவடியாளின் இரண்டு சாட்சியங்கள்

1. கோர்ட்டில்

மொழிபெயர்ப்பாளராக நான் கோர்ட்டில் வேலை பார்த்தது மூன்று வருஷத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க மனு எழுதிப் பிழைத்தேன். இருந்தாலும் வேலை அனுபவத்தைப் பற்றி யாராவது கேட்டால், அந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு பகல்தான் முன்னால் வந்து நிற்கிறது. இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்காக அதை எழுதுகிறேன். எந்தக் கோர்ட்டு, யார் மஜிஸ்திரேட்டு என்று சொல்லப் போவதில்லை. தவறு செய்தவன் நான். என் பெயர் ஞானமுத்து, அது போதும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் எங்கள் ஊர். வீட்டிலும் சபையிலும் தமிழ், கடையிலும் ஆபீசிலும் மலையாளம். அப்படிப் பேசித்தான் எல்லோரும் வளர்ந்தோம். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் மூண்ட பிறகு, யார் எந்தப் பாஷையில் வாய் திறக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரன்கூடக் கவனிக்க ஆரம்பித்தான். தெற்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும், சர்க்கார் வேலையில் இருக்கிற தமிழனுக்கு வேலை நிலைக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது.

என்னுடையது ஆக்டிங் போஸ்டு. நிரந்தரம் ஆகவில்லை. என் மனைவி ரெத்தினபாய் இரண்டாவது பேறுகாலத்துக்குப் பிறகு எழுந்து நடமாடவே சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள். கைக்குழந்தை ஒன்று, தவழ்ந்து முடித்தது ஒன்று. அந்த நிலையில் ஒரு நாள் ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டார்.

"ஞானமுத்தூ, தான் தமிழன்மார்க்கு வேண்டி மயத்தில் பறயுன்னு என்னொரு சம்சாரம் உண்டு. ஆக்டிங் போஸ்டாணு, ஓர்ம வேணம்."

தமிழர்களுக்காக நான் சாட்சியத்தை மென்மையாக்கிச் சொல்கிறேன் என்று பேச்சு இருக்கிறதாம், என் போஸ்டு ஆக்டிங் என்பது ஞாபகம் இருக்கட்டுமாம். மிரட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அதனாலேயே அதிகமாகப் பயந்தேன்.

மறுநாள் பொன்னையனின் கேஸ். இருபத்திரண்டு வயதுக் கொத்தன். ஊர்வலத்தில் போலீஸ் வண்டி மேல் கல்லெறிந்து ஒரு போலீஸ்காரரின் நெற்றியை உடைத்தான் என்பது குற்றச்சாட்டு. அவனுக்காகச் சாட்சி சொல்ல வந்தவள் அவனைப் பெற்றவள், ஏசுவடியாள். கணவனை இழந்தவள். பாறசாலைக்குக் கிழக்கே மரச்சீனிக் கிழங்கு பயிரிட்டுச் சந்தையில் விற்கிறவள். எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் பார்த்திருக்கிறேன், பேசிப் பழக்கமில்லை.

சம்பவத்தன்று மகன் வீட்டில்தான் இருந்தான் என்று சொல்லும்படி வக்கீல் அவளிடம் சொல்லிக் கொடுத்திருந்தார். கூண்டில் ஏறியதும் அவள் அதைச் சொல்லவில்லை.

"போனான். நானும் தேடிப் பொறத்தால போனேன். அவன் கையில கல்லு எடுத்தது உண்டு. எலே பொன்னையாண்ணு விளிச்சேன். திரும்பி என்னப் பாத்தான். கல்லப் போட்டுட்டான். அவ்வளவு தான் நான் கண்டது."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போனார். அவருக்குப் பக்கத்து ஹாலில் வேறு கேஸ் இருந்தது.

கல்லைப் போட்டான் என்றால் எங்கள் பேச்சில் இரண்டு அர்த்தம். கையிலிருந்து கீழே விட்டான் என்றும் ஆகும், ஒருவர் மேல் வீசினான் என்றும் ஆகும். ஆனால் அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லும்போது அவள் வலது கை மூடியிருந்து, தரையைப் பார்த்துத் திறந்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மஜிஸ்திரேட்டு குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வடக்கேயிருந்து புதிதாக வந்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் பிடிபடாது.

"எந்தா பறஞ்ஞது? இட்டோ, எறிஞ்ஞோ?"

என்ன சொன்னாள், கீழே போட்டானா, எறிந்தானா. என்னிடம் நேராகவே கேட்டுவிட்டார். ஹெட் கிளார்க் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போலீஸ் இன்ஸ்பெக்டரும் பார்த்தார். நான் மேஜைக்கு அருகே போய், கூண்டில் நிற்கிறவளுக்குக் கேட்காதபடி சொன்னேன்.

"எறிஞ்ஞு."

பேனா ஓடியது.

சாட்சி சொன்னதை டெபோசிஷனாக எழுதி முடித்ததும் அதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் என் வேலை. மலையாளத்தில் எறிந்தான் என்று எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே, தமிழில் "கல்லைப் போட்டுவிட்டான்" என்று வாசித்தேன். சொன்னதையே வாசிக்கிறேன் என்று நம்பி அவள் தலையசைத்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு தமிழ் படித்தவள், மலையாளம் வாசிக்கத் தெரியாது. ஏசுவடியாள் என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நல்லா இருங்க சாறே. உள்ளத உள்ளபடி சொல்ல ஆளு இருந்துச்சே."

பெற்ற தாயே ஒப்புக்கொண்டாள் என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. பொன்னையனுக்கு ஒரு வருஷம்.

2. சபையில்

அந்த மாதம் சபையில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை; மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. ரெத்தினபாய் குழந்தையோடு போய்விட்டு வந்து என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"மேலுக்கு சொகமில்லியா?"

"சொகந்தான்."

"பின்ன என்னத்துக்கு போவல்ல?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் குடித்து முடித்ததும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுச் சொன்னாள்.

"அந்த அம்மை எனக்கப் பேறுக்கு ஒரு கூடை கெழங்கு கொண்டு வந்தாவ. ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

"போய்ச் சொல்லுங்க. வேலை போனா போவட்டும். பட்டினி கெடந்தாலும் கெடக்கலாம். இப்பிடி ஒரு ஆளுக்கக் கூட எனக்கு ஒரே பாயில கெடக்க முடியாது."

அதற்குப் பிறகும் எனக்குத் தைரியம் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தையும் நான் கணக்கில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் ஜெபம் பண்ணினேன். தைரியம் தா என்று இல்லை, இது எப்படியாவது சரியாகிவிடட்டும் என்று. அப்படிப்பட்ட ஜெபத்துக்கு எந்தப் பதிலும் வரவில்லை. கடைசியில் ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, ஜெபம் பண்ணாமலே போய் மஜிஸ்திரேட்டின் அறையில் நின்று சொன்னேன்.

அவர் நல்ல மனிதர். என் வாக்குமூலத்தை அவரே எழுதி, மேல் கோர்ட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அன்று மத்தியானமே என் வேலை போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் ஒரு மாற்றம். எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து நடந்தேன். பல வாரங்களாக அப்படி நான் நடக்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஏசுவடியாளிடம் மட்டும் போகவில்லை. பையன் விடுதலையாகி வரட்டும், அவனையும் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பயம்தான்.

மேல் கோர்ட்டில் காகிதம் மெதுவாக நகர்ந்தது. இதற்குள் ஜெயிலில் விஷக்காய்ச்சல் பரவியது. பொன்னையன் ஜெயில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அவனை விடுதலை செய்யச் சொல்லும் உத்தரவு வந்து சேர்ந்தது அதற்கு எட்டு நாள் கழித்து.

3. மரச்சீனி விளையில்

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். மறுநாள் அவளுடைய மரச்சீனித் தோட்டத்துக்கு, விளைக்குப் போனேன். தனியாக நின்று கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். சந்தைக்கு நாள் தவறக் கூடாது என்று வந்திருக்கிறாள்.

கோர்ட்டில் நான் செய்ததை முழுவதும் சொன்னேன். அவள் கையில் மண்ணோடு ஒரு கிழங்கு இருந்தது.

"நான் கீழ போட்டான்னு தானே சொன்னேன்?"

"ஆமா அம்மா."

"ஒனக்கு அது மனசிலாச்சா, ஆவல்லியா?"

"மனசிலாச்சு."

"மனசிலாச்சா!" என்றாள். திரும்பவும் "மனசிலாச்சா!" என்றாள். பிறகு கிழங்கை என் மேல் எறிந்தாள். தோளில் பட்டது. அடுத்ததையும் எறிந்தாள். நான் நின்றேன். அவள் உட்கார்ந்து தரையில் அடித்து அழுதாள்.

"வக்கீலு சொன்ன பொய்ய சொல்லியிருந்தா எனக்கப் பிள்ள இன்னைக்கு எனக்கக் கூட நிப்பான். கர்த்தருக்குப் பயந்து உள்ளதச் சொன்னேன். எனக்க வாயாலயே அவனக் கொன்னியே! போ. எனக்கக் கண்ணுல படாத. போ!"

போய்விட்டேன். அதற்குப் பிறகு சபையில் அவள் இருக்கிற திசையைக்கூட நான் பார்க்கவில்லை.

பிழைப்புக்குக் காட்டாக்கடை என்ற ஊரில் ஒரு கடை ஓரத்தில் உட்கார்ந்து மனு எழுத ஆரம்பித்தேன். பட்டா மாற்றம், ரேஷன் கார்டு, வழித் தகராறு, மகனைத் தேடிக் கண்டுபிடித்துத் தரச் சொல்லும் மனு. மழை நாளில் ஆள் வராது. வீட்டில் மூன்று வேளையும் மரச்சீனிதான். ஆனால் வருகிறவர்கள் சொல்வதை நான் முழுசாகக் கேட்டேன். எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ரெத்தினபாய் மெல்ல மெல்லத் தேறினாள். மாலையில் நான்கு பேரும் உட்கார்ந்து பாட்டுப் பாடி ஜெபம் பண்ணும்போது, நிறைவான வாழ்வு என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்தில் சொல்வது இதுவாக இருக்குமோ என்று சில நாள் தோன்றும். தோன்றியதும் வெட்கமாகிவிடும். எனக்கு வெளிச்சம் கிடைத்தது. அதற்கு உயிரைக் கொடுத்தது இன்னொருத்தியின் பிள்ளை. அந்த இடத்தைத் தாண்டி ஒருநாளும் என்னால் சந்தோஷப்பட முடிந்ததில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

4. மறுபடியும் சபையில்

எல்லை பிரித்தார்கள். தெற்கே நான்கு தாலுகா தமிழ்நாட்டோடு போனது. எங்கள் ஊர்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டன. பொன்னையன் கோஷம் போட்ட ரோட்டில் பஸ் முன்போலவே ஓடியது.

அந்தச் சமயம் ஒரு மத்தியானம் காட்டாக்கடையில் என் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் ஏசுவடியாள் வந்து நின்றாள். நான் எழுந்தேன்.

"இரி. ஒரு காரியம் எழுதணும்."

"யாருக்கு அம்மா?"

"சபைக்கு. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல ஐயரு விளிச்சிருக்காரு. நின்னு பேசினா எனக்கு அழுவ வரும். நான் சொல்லுதேன், நீ எழுது. நீயே வாசிக்கவும் செய்யணும்."

"வேற ஆருகிட்டயாவது..."

"எழுதத் தெரிஞ்ச ஆளு ஆயிரம் பேரு உண்டு. நீ எழுதணும்னாக்கும் பஸ்ஸு ஏறி வந்தது."

எழுதினேன். மகன் பிறந்தது, அவன் அப்பன் செத்தது, கொத்துவேலை படித்தது எல்லாம் சொன்னாள். கல்லைப் பற்றிச் சொன்னாள். ஜெயிலைப் பற்றிச் சொன்னாள். பிறகு, "கர்த்தர் எனக்கு நெறஞ்ச ஜீவன் தந்திருக்காரு" என்றாள். என் பேனா நின்றுவிட்டது.

"என்ன, பெருமைக்குச் சொல்லுதேன்னு நெனச்சியா?"

"இல்ல அம்மா. எனக்குப் புரியல்ல."

"அவன் போனப்ப நானும் தீந்தேன்னு நெனச்சேன். தீரல்ல. காலையில எழும்பினா அழுகையும் வருது, தோத்திரமும் வருது. ரெண்டும் ஒரே வாயில வருது. உள்ள ஒண்ணும் இல்லைன்னா ரெண்டும் வராதுல்லா? அங்ஙன ஒண்ண உள்ள வச்சிருக்காரு. எழுது."

எழுதினேன். அடுத்து அவள் சொன்ன நான்கு வரியையும் ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். சரி என்று தலையசைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. எழுந்து நின்று வாசித்தேன். அந்த நான்கு வரி வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். தாளைப் பார்த்தபடி நின்றேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது.

"வாசி மக்கா."

வாசித்தேன்.

"எனக்க மகன் கல்லைக் கீழே போட்டான். மொழி மாற்றிச் சொன்ன ஆள் பயந்து, எறிந்தான் என்று சொன்னார். அவரை மன்னிக்கப் பெலன் தரும்படி தினமும் கேட்டேன். இவ்வளவு நாள் ஆகி, இப்போது கொஞ்சம் தந்திருக்கிறார். மீதியும் தருவார்."

தாளை மடித்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். அன்றைய திருவிருந்துக்கு எழுந்து போனேன்.

மொழிபெயர்க்கிற வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று மஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். சாட்சியிடம் இன்னொரு முறை கேட்க அனுமதி கேளுங்கள். எத்தனை பேர் முறைத்தாலும் கேளுங்கள். ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம்தான் அன்றைக்கு நான் கேட்காமல் விட்டது.