மூன்று தொட்டிகளின் தோல்

எங்கள் குடிநீர் நிலையத்தில் முப்பத்தோராண்டுகள் தொட்டிக்காரராக இருந்தவரை எல்லோரும் ‘பளிங்கு’ என்றே அழைத்தார்கள். மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பிகளை நாள்தோறும் துடைப்பவர். தேநீர்க் குவளையைக் கழுவிய பின்னும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர். அந்தச் சுத்தமே ஒருமுறை அவர் குலையை நடுங்க வைத்தது.

ஆற்று நீர் எங்களிடம் மூன்று மணல் தொட்டிகளின் வழியே மெல்ல இறங்கி வடியும். சில வாரங்களில் மணலின் மேல் பழுப்பும் பச்சையுமாக ஒரு வழுவழுப்பான படலம் படரும். அதற்கு நாங்கள் இட்ட பெயர் தோல். அது தடித்து நீர் இறங்க மறுக்கும்போது தொட்டியை வற்றவிட்டுச் சுரண்டுவோம். சுரண்டிய தொட்டியில் புதுத் தோல் பிடிக்கும்வரை அதன் நீரைக் கழிவாக விட வேண்டும். அதுவரை அடுத்த தொட்டியைத் தொடக் கூடாது. விதி சுவரில் எழுதியிருந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை.

ஒருமுறை, வரும் வியாழக்கிழமை தலைமை அதிகாரி பார்வையிட வருவதாக ஞாயிறன்று செய்தி வந்தது. முதல் தொட்டியைச் சனிக்கிழமைதான் சுரண்டியிருந்தோம். மற்ற இரண்டும் பாசி பிடித்துக் கிடப்பதைப் பளிங்கினால் பொறுக்க முடியவில்லை. திங்களன்று இரண்டையும் சுரண்டிவிட்டார். மூன்றையும் கழிவாக விட்டால் ஊருக்குத் தண்ணீர் ஏது? பார்வைக்குத் தெளிவாகத்தானே இருக்கிறது என்று எல்லாவற்றையும் மேல்நிலைத் தொட்டிக்குத் திருப்பினார். ‘ஒரே நாளில் இரண்டு’ என்று பதிவேட்டில் எழுதியவன் நான். எழுதினேன், ஏனென்று கேட்கவில்லை.

வியாழனன்று அதிகாரி தொட்டி நீரைக் குனிந்து பார்த்து, “என்னய்யா இது, முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம் போலிருக்கே!” என்றார். பளிங்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதிகாரியின் வண்டி வாயிலைக் கடந்ததும் ஆய்வகப் பெண் இரண்டு கண்ணாடித் தட்டுகளுடன் வந்தாள். போன வாரத்து நீரை ஊற்றி வளர்த்த தட்டில் மூன்றே கிருமிப் புள்ளிகள். புதன்கிழமை எடுத்த நீரின் தட்டில் கடுகைக் கொட்டினாற்போல் புள்ளிகள்.

“தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேம்மா?” என்றார் பளிங்கு.

“கண்ணாடிதான் அண்ணே. அதுக்குள்ள கிருமி இருந்தா உங்களுக்குத் தெரியுமா? தோல்னா என்னன்னு நெனச்சீங்க, அழுக்குன்னா? பாசி, அதுல குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க, அதுங்கள மேயுற புழுவுங்க. ஆத்தோட வர்ற நோய்க்கிருமிதான் அங்க பாதிப் பேருக்குச் சாப்பாடு. அதுங்க ஒண்ணை ஒண்ணு தின்னாத்தான் நமக்குக் குடிக்கத் தண்ணி. மூணு வாசல்லயும் காவல்காரனைத் துரத்திட்டு வந்து நிக்கிறீங்க.”

“குளோரின் கலக்குறோமே?”

“அது மிச்சம் மீதியைக் கொல்லத்தான். இந்தக் கூட்டத்துக்குப் போதாது.”

மூன்று நாட்களாக ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. பளிங்கின் மகளுடைய பதினொரு வாரக் குழந்தையும் அந்த ஊரில்தான், அவர் வீட்டில் இருந்தது. தரைக்கடியில் பெரிய குழாயின் இரைச்சல் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என் மேசைத் தொலைபேசியை எடுத்து வீட்டு எண்ணைச் சுழற்றினார். எதிர்முனையில் அவர் மனைவி.

“பாப்பாவுக்குப் பால் கலக்குற தண்ணியை நல்லாக் கொதிக்க வெச்சியா?”

“லேசா வெதுவெதுன்னு. ஏன், உங்க பளிங்குத் தண்ணிக்கு என்ன வந்துச்சு?”

“கேக்காதே. கொதிக்காம ஒரு சொட்டுக் குடுக்காதே.”

அந்த அம்மாளின் குரல் தாழ்ந்து ஒலித்தது: “பக்கத்து வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க இருக்குதே. அதுங்க அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

பளிங்கு தொலைபேசியை வைத்தார். நேரே சென்று முதன்மை வால்வின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றலானார். நாற்பது சுற்று. இரைச்சல் அடங்கியபின் பொறியாளர் முன் போய் நின்றார்.

“யாரைக் கேட்டு மூடினீர்?”

“யாரையும் கேக்கலைங்க. கேட்டா நீங்க மேலே கேப்பீங்க, அவங்க இன்னும் மேலே கேப்பாங்க. அதுக்குள்ள ஊரு ஒரு குடம் குடிச்சிடும். மூணையும் சுரண்டினது நான்தானுங்க.”

ஒலிபெருக்கி வண்டியில் அவரே ஏறி, பிடித்துவைத்த நீரைக் கொட்டும்படி தெருத்தெருவாகக் கூவினார். ஒரு திருப்பத்தில் ஒரு சிறுமி குழாயில் எஞ்சியிருந்த நீரைக் கையில் ஏந்தி உறிஞ்சினாள். அவருடைய வாக்கியம் பாதியில் நின்றது.

அடுத்த ஒன்பது நாளும் காலையில் அவர் மருத்துவமனை வாயிலில் நின்று, உள்ளே போகும் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் பார்த்தார். வயிற்றுப்போக்குடன் வந்தவர்கள் பத்தொன்பது பேர். பேரக்குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. பக்கத்து வீட்டு இரட்டையரில் ஒருவன் மட்டும் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான். அந்த இரண்டு நாளும் பளிங்கு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வெளி இருக்கையில் அமர்ந்திருந்தார். மூன்றாம் நாள் பிள்ளை பாலுக்கு அழுதபோதுதான் எழுந்தார்.

மூன்று மாதத் தற்காலிகப் பணிநீக்கம் முடிந்து திரும்பினார். தொட்டிகளில் தோல் மறுபடி படர்ந்து, அதில் நூலிழை போன்ற ஒரு புழு நெளிந்தது. “இருக்கியா?” என்று அதனிடமே கேட்டார்.

ஓய்வுபெற்ற பின் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். கண்ணாடிக் குவளையில் நீர் கொடுத்தேன். பழைய வழக்கப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துரும்பு இல்லை, தூசி இல்லை. முகம் வெளிறிற்று.

“காய்ச்சினதா?” என்றார்.